சக்கர மரையாணி மாற்றுதல்

சக்கர மரையாணி என்பது தானுந்தின் சக்கரத்தை அதன் குடத்தோடு இறுக்கிப் பிடிக்கும் எஃகு ஆணி ஆகும். பட்டறை வழக்கில் இது வீல் ஸ்டட் எனப்படுகிறது. மரை தேய்ந்தோ, நீண்டோ, முறிந்தோ போன மரையாணியை நீக்கிப் புதியதைப் பொருத்தும் பணியைச் சில தானுந்துகளில் எளிய கருவிகளுடன் வீட்டிலேயே செய்ய இயலும். வேறு சிலவற்றில் அது அழுத்து எந்திரம் உள்ள பட்டறையில் மட்டுமே செய்யத்தக்கது. இவ்விரண்டையும் பிரித்தறிவது இப்பணியின் முதற்படி ஆகும். தவறாகப் பொருத்தப்பட்ட மரையாணி ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் கழலக் காரணமாகலாம்.

பெயர்கள்

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதி தமிழில் குடம் எனப்படும். அதே சொல் இக்கட்டுரையில் தானுந்தின் ஹப் என்னும் உறுப்பைக் குறிக்கிறது. மரையாணியின் மேல் திருகப்படும் அறுகோண உறுப்பு நட்டு எனவும், மரையாணியின் கழுத்தில் நீளவாக்கில் செதுக்கப்பட்ட வரிகள் வரிப்பற்கள் எனவும் குறிப்பிடப்படுகின்றன.

எல்லாத் தானுந்துகளிலும் மரையாணி இருப்பதில்லை. வோக்ஸ்வாகன், ஸ்கோடா உள்ளிட்ட ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் குடத்தில் மரையிட்ட துளை மட்டுமே இருக்கும். சக்கரத்தின் வழியே போல்ட் நேராக அத்துளைக்குள் திருகப்படும். அவற்றில் போல்ட் பழுதானால் வேறொன்று வாங்கித் திருகினால் போதும், ஆனால் துளையின் மரை பழுதானால் குடத்தையே மாற்ற நேரலாம்.

அமைப்பும் செயற்பாடும்

மரையாணிக்குத் தலை, வரிப்பற்கள், மரை என மூன்று பகுதிகள் உண்டு. குடத்தட்டின் பின்புறமிருந்து மரையாணி செலுத்தப்படுகிறது. வரிப்பற்கள் துளையின் சுவரில் பதிந்து அது சுழலாமல் தடுக்கின்றன. தலை தட்டின் பின்புறத்தில் படிந்து முன்னால் உருவி வராமல் காக்கிறது. முன்புறம் நீட்டிய மரையின் மீது பிரேக் வட்டு அல்லது பிரேக் உருளையும், அதன்மேல் சக்கரமும் அமர, நட்டு அனைத்தையும் சேர்த்து இறுக்குகிறது.

வண்டியின் எடை மரையாணிகளின் மேல் தொங்குகிறது என்பது பரவலான எண்ணம். ஆனால் அது சரியன்று. நட்டை இறுக்கும்போது மரையாணி மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட எஃகு மீளச் சுருங்க முயல்வதால் சக்கரமும் குடமும் ஒன்றையொன்று பெரும் விசையுடன் அழுத்துகின்றன. அந்த அழுத்தத்தால் எழும் உராய்வே எடையையும், பிரேக் விசையையும், திருப்பங்களில் எழும் பக்கவாட்டு விசையையும் தாங்குகிறது. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரையாணி ஒன்றை 100 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கினால் அதில் ஏறத்தாழ 40 கிலோநியூட்டன், அதாவது சுமார் 4 டன் இழுவிசை உண்டாகிறது. நான்கு மரையாணிகள் சேர்ந்து 16 டன் அளவில் சக்கரத்தைக் குடத்தோடு அழுத்துகின்றன. ஒரு டன் எடையுள்ள வண்டிக்கு இது மிகை போலத் தோன்றும். எனினும் இந்த அழுத்தம் குறைந்து சக்கரம் ஒரு முடியளவு வழுக்கத் தொடங்கினாலே, மரையாணி ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் வளைந்து, கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போல இறுதியில் முறிந்துவிடும்.

கோயில் தேருடன் ஒப்பிட்டால் இது தெளிவாகும். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசிப் பெருவிழாவில் ஏழாம் நாள் தேரோட்டம் நடைபெறுகிறது. தேரிலும் மாட்டுவண்டியிலும் அச்சு சுழல்வதில்லை. சக்கரம் அச்சின் மேல் தளர்வாகச் சுழல்கிறது. அது வெளியே நழுவாதபடி அச்சின் நுனியில் குறுக்கே செருகப்பட்ட கடையாணி தடுக்கிறது. கடையாணி இறுக்கமாக இருக்க வேண்டியதில்லை, இருந்தால் போதும். தானுந்தின் மரையாணி அப்படியன்று. அது இடத்தில் இருந்தும் இறுக்கம் இல்லையெனில் பயனில்லை. ‘ஆணி இருக்கிறதே, ஓடும்’ என்னும் கருத்து கடையாணிக் காலத்து வழக்கறிவு. அதைத் தானுந்துக்குப் பொருத்துவது ஆபத்தானது.

மரையாணியின் தலையில் பெரும்பாலும் 10.9 போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண்ணை 100 ஆல் பெருக்கினால் எஃகின் இழுவலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும். இரண்டாம் எண், அவ்வலிமையில் எத்தனை விழுக்காட்டில் எஃகு மீளாமல் நீளத் தொடங்கும் என்பதைக் காட்டும். ஆக 10.9 என்றால் 1000 மெகாபாஸ்கல், 90 விழுக்காடு. கடைகளில் கிடைக்கும் சாதாரணப் போல்ட்டுகள் பல 4.6 அல்லது 4.8 வகையின, அவற்றின் வலிமை இதில் பாதியும் இல்லை. எனவே மரை அளவு ஒத்திருப்பதால் மட்டும் ஒரு போல்ட் மரையாணிக்கு மாற்றாகிவிடாது.

காஞ்சிபுரம் வட்டாரமும் மரை அளவுகளும்

பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம், தானுந்துத் தொழிலின் அருகிலும் அமைந்துள்ளது. மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் சான்ட்ரோ தானுந்துடன் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் கூட்டாலை திறக்கப்பட்டது. மறைமலைநகரின் ஃபோர்டு ஆலை 2019 வரை இம்மாவட்ட எல்லைக்குள் இருந்தது. அவ்வாண்டு செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனுள் சேர்ந்தது, 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. உயர்வலிமை மரையாணிகள் செய்யும் சுந்தரம் பாசனர்சு, எஃகுச் சக்கரங்கள் செய்யும் வீல்ஸ் இந்தியா ஆகிய நிறுவனங்கள் சென்னையின் பாடியில் வளர்ந்தவை.

இந்த ஆலைகளிலிருந்து வெளிவந்த வண்டிகள் அனைத்தும் ஒரே மரை அளவைப் பின்பற்றவில்லை. ஹூண்டாய், ஃபோர்டு, டொயோட்டா, ஓண்டா ஆகியவற்றின் பெரும்பாலான சிறு தானுந்துகளில் 12 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் உண்டு. மாருதி சுசுகி, நிசான் வண்டிகளில் விட்டம் அதே 12, இடைவெளி 1.25. ஒரகடத்தின் ஒரே ஆலையில் உருவான நிசான் மைக்ராவுக்கு மரையாணியும், ரெனோ டஸ்டருக்குப் போல்ட்டும் இருந்தன.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பட்டுப்புடவை வாங்கவும் கோயில்களைக் காணவும் வரும் வாடகை வண்டிகள் இடைவிடாது ஓடுகின்றன. பஞ்சர் கடையொன்றில் நட்டு தொலைந்தால், டப்பாவில் கிடக்கும் ஏதோ ஒரு நட்டு எடுத்துப் போடப்படுவதுண்டு. 1.25 இடைவெளி கொண்ட நட்டு 1.5 இடைவெளி மரையாணியில் இரண்டு மூன்று சுற்று எளிதாக ஏறும், பின்பு இறுகும். அந்த இறுக்கத்தைச் சரியான பிடிப்பு என்று எண்ணி நீள ஸ்பானரால் திருகினால் இரண்டின் மரையும் சிதையும். மரையாணி கெடுவதற்கான தவிர்க்கத்தக்க காரணங்களில் இது முதன்மையானது.

பழுதடையும் விதம்

நட்டைக் கையால் தொடங்காமல் காற்றழுத்தக் கருவியால் ஏற்றுவதால் அது சாய்வாகப் புகுந்து மரையை வெட்டுதல் மற்றொரு பொதுவான காரணம். ஸ்பானரின் மேல் ஏறி நின்று மிதிப்பதும், குழாய் செருகி நீட்டித் திருகுவதும் மரையாணியை மீளா நிலைக்கு நீட்டிவிடும். நீண்ட மரையாணியின் மரை நடுவில் இடுப்புப் போல ஒடுங்கியிருக்கும். நல்ல நட்டு கையால் பாதிவரை ஏறி அங்கே பிடிக்கும். தளர்ந்த நட்டுடன் ஓடிய சக்கரத்தில் துளைகள் நீள்வட்டமாகும், நட்டைச் சுற்றித் துருக்கோடு அல்லது பளபளப்பு தெரியும், வேகத்திற்கேற்ப மாறும் தட்டல் ஓசை கேட்கும். துளை நீள்வட்டமான சக்கரத்தை மரையாணி மாற்றியும் பயன்படுத்தலாகாது.

நுனியில் ஓரிரு மரை மட்டும் நசுங்கியிருந்தால், உரிய அளவுள்ள மரைவெட்டும் டையால் சீர்செய்து தொடரலாம். அதற்கு மேற்பட்டால் மாற்றுவதே முறை.

பாரவண்டிப் பராமரிப்பில் ஒரு விதி உண்டு. ஒரு மரையாணி முறிந்தால் அதன் இருபக்க மரையாணிகளையும் மாற்ற வேண்டும். ஒன்றுக்கு மேல் முறிந்தால் அச்சக்கரத்தின் அனைத்தையும் மாற்ற வேண்டும். முறிந்ததன் சுமையை ஏற்ற அண்டை மரையாணிகள் வெளியே தெரியாத விரிசலுடன் இருக்கக்கூடும் என்பதே இதன் காரணம். மரையாணியின் விலை குறைவு என்பதால் தானுந்துக்கும் இதைப் பின்பற்றுவது நன்று. டாட்டா நானோ போன்ற மூன்றே மரையாணி கொண்ட வண்டியில் ஒன்று போனால் பிடிப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதை ஓட்டாதிருப்பதே நலம்.

வீட்டில் செய்யத்தக்கதா என அறிதல்

மரையாணி பின்புறமாக வெளிவர வேண்டும். ஆகவே குடத்தட்டின் பின்னால் அதன் முழு நீளத்துக்கும் இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. பின்சக்கரங்களில் பிரேக் உருளையும் குடமும் ஒரே வார்ப்பாக உள்ள சிறு தானுந்துகளில், உருளையைக் கழற்றி மேசைமீது வைத்து வேலை செய்ய முடியும். முன்சக்கரங்களில் குடம் பேரிங்கினுள் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். தூசுத் தகட்டிலோ நக்கிளிலோ ஓரிடத்தில் வெட்டு இருந்தால், குடத்தைக் கையால் சுழற்றிப் பழுதான மரையாணியை அந்த இடத்திற்குக் கொண்டுவந்து வெளியேற்றலாம். வெட்டு இல்லாத வண்டியில் குடத்தைப் பேரிங்கிலிருந்து உருவியாக வேண்டும். அவ்வாறு உருவும்போது பேரிங் பெரும்பாலும் கெடும். புதிய பேரிங்கும் அழுத்து எந்திரமும் தேவைப்படும். அவ்வண்டிகளைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். இடம் போதவில்லை என்று மரையாணியின் நுனியையோ நக்கிளையோ அறுப்பது கூடாது.

புதிய மரையாணியை வாங்கும்போது மரை அளவு, மொத்த நீளம், வரிப்பற்களின் விட்டமும் நீளமும், தலையின் வடிவம் ஆகிய அனைத்தும் ஒத்திருக்க வேண்டும். வரிப்பற்களின் விட்டத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடே அது துளையில் சுழலவோ, குடத்தைப் பிளக்கவோ போதுமானது. தயாரிப்பாளரின் உதிரிப்பாக எண்ணைக் கொண்டு வாங்குவது உறுதியான வழி. சென்னையில் புதுப்பேட்டை பழைய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்றது. கதவும் கண்ணாடியும் அங்கே வாங்கலாம், ஆனால் முன்பே இழுபட்ட மரையாணியை மட்டும் பழையதாக வாங்குதல் தகாது.

மாற்றும் முறை

சமமான, கெட்டியான தரை வேண்டும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் காலை வேளையில் பாவு நீட்டும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். பிரேக்கின் கருந்தூசும் கிரீசும் பட்டிழையில் பட்டால் போகாது. அத்தூசை ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கலாம்.

தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இடுவது போல, தூக்கப்படாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். முன்சக்கரப் பணியெனில் கைப்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். பின்சக்கரப் பணியெனில் உருளை கழல்வதற்குக் கைப்பிரேக்கை விடுவிக்க நேரும். எனவே முன்சக்கர இயக்க வண்டியை முதல் கியரில் நிறுத்துவதோடு, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை கட்டாயம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்தி, பின்பு ஜாக்கியால் தூக்கி, உடற்சட்டத்தின் கீழ் தாங்கி வைக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானதன்று. செங்கல் அடுக்கு தாங்கி ஆகாது. அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

சக்கரத்தைக் கழற்றிய பின், முன்புறமெனில் காலிப்பரைத் தாங்கும் இரு போல்ட்டுகளை நீக்கி, காலிப்பரைக் கம்பியால் சுருள்வில்லில் தொங்கவிட வேண்டும். பிரேக் குழாயில் அதன் எடை தொங்கலாகாது. பின்பு பிரேக் வட்டை எடுக்கலாம். சில வண்டிகளில் இரு சிறு திருகாணிகள் அதைப் பிடித்திருக்கும். பின்புறமெனில் உருளையை இழுத்தெடுக்க வேண்டும். உருளை குடத்திலிருந்து தனியே கழலும் வகையாயின், துருவால் ஒட்டியிருக்கும்போது அதன் முகத்திலுள்ள மரையிட்ட இரு துளைகளில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளை மாறிமாறித் திருகினால் அது தானே வெளிவரும்.

பழைய மரையாணியை வெளியேற்றப் பட்டறைகளில் சம்மட்டியால் அடிப்பது வழக்கம். கழற்றிய உருளையில் இது ஏற்கத்தக்கது. பேரிங்கோடு கூடிய முன்குடத்தில் பலமாக அடித்தால் பேரிங்கின் ஓடுபாதையில் நுண்ணிய குழிகள் விழுந்து, சில நாட்களில் ரீங்கார ஓசை எழும். அங்கே திருகழுத்தும் பற்றியைப் பயன்படுத்துவது நல்லது. அடித்தே ஆகவேண்டுமெனில், பழைய நட்டை நுனியோடு சமமாகத் திருகி, பித்தளைச் சுத்தியலால் நேராகத் தட்ட வேண்டும்.

துளையைத் துடைத்துச் சுவரைப் பார்க்க வேண்டும். பழைய வரிப்பற்களின் தடங்கள் தெளிவாக இருந்தால் தொடரலாம். தேய்ந்து வழவழப்பாகவோ அகன்றோ இருந்தால் குடத்தையே மாற்ற வேண்டும். புதிய மரையாணியைப் பின்னாலிருந்து நுழைத்து, வரிப்பற்கள் பழைய தடங்களில் அமருமாறு திருப்பி வைக்க வேண்டும். முன்புறத்தில் மரையைவிடச் சற்றே அகன்ற துளையுள்ள தடித்த வாஷர்கள் மூன்று நான்கை அடுக்கி, அவற்றிடையே மட்டும் சிறிது கிரீசு தடவி, பழைய நட்டு ஒன்றைத் தட்டையான பக்கம் உள்நோக்கி இருக்கத் திருக வேண்டும். கைஸ்பானரால் மெல்ல இறுக்கும்போது மரையாணி முன்னோக்கி இழுபட்டு அமரும். இறுக்கம் சட்டென்று கூடுவதே தலை படிந்ததற்கு அடையாளம். இதற்குக் காற்றழுத்தக் கருவி ஆகாது. அது எப்போது படிந்தது என்பதைக் கை உணராது, மரையாணி பொருத்தும்போதே நீண்டுவிடும். இழுக்கப் பயன்பட்ட நட்டை மீண்டும் சக்கரத்தில் போடக்கூடாது.

பின்புறத்தில் தலை தட்டோடு முழுமையாகப் படிந்திருக்கிறதா எனச் சிறு கண்ணாடியும் விளக்கும் கொண்டு பார்க்க வேண்டும். ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தாலும் பணி முடியவில்லை. அந்த இடைவெளி சாலையில் ஓடும்போது மூடும். மூடும் அளவுக்கு நட்டின் பிடிப்பு தளரும். புதிய மரையாணியுடன் சக்கரம் ஆடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகிறது.

இறுக்குதல்

குடம், வட்டு, சக்கரம் ஆகியவற்றின் ஒட்டும் முகங்களிலுள்ள துருவைக் கம்பித்தூரிகையால் நீக்க வேண்டும். துருவும் வண்ணப்பூச்சும் இடையில் இருந்தால் அவை நசுங்கும்போது இறுக்கம் குறையும். நட்டின் இருக்கை வடிவம் சக்கரத்துக்குப் பொருந்த வேண்டும்: பெரும்பாலான வண்டிகளில் அது 60 பாகைக் கூம்பு, ஓண்டாவில் உருண்டை. மரையில் எண்ணெய் இடலாகாது. இறுக்கும் முயற்சியில் பத்தில் ஒரு பங்கே மரையாணியை நீட்டுகிறது, எஞ்சியது உராய்வில் கழிகிறது. எண்ணெய் உராய்வைக் குறைத்தால் அதே முறுக்குவிசையில் மரையாணி மிகையாக இழுபடும்.

நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக மாறிமாறி இறுக்கி, சக்கரம் தரையில் அமர்ந்த பின் இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஹூண்டாயின் பல சிறு தானுந்துகளுக்கு 9 முதல் 11 கிலோகிராம்-மீட்டர் (88–107 நியூட்டன்-மீட்டர்) குறிக்கப்பட்டிருந்தது. மாருதியின் பல சிறு வண்டிகளுக்கு 85, ஓண்டாவுக்கு 108 நியூட்டன்-மீட்டர். வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது.

முறுக்குவிசை காட்டும் ஸ்பானர் இல்லாதவர் கணக்கால் அண்மிக்கலாம். கைப்பிடியின் நீளத்தை மீட்டரிலும், கொடுக்கும் விசையைக் கிலோகிராமிலும் பெருக்கினால் கிலோகிராம்-மீட்டர் வரும். 30 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 35 கிலோகிராம் விசை 10.5 ஆகும், இது வலுவான ஒருவர் கையால் அழுத்தும் அளவு. அதே கைப்பிடியில் 70 கிலோ எடையுள்ளவர் ஏறி நின்றால் 21, அதாவது தேவையின் இருமடங்கு. ஒரு மீட்டர் குழாயைச் செருகி நின்றால் 70. மரையாணி அறுவது ‘தரமற்ற இரும்பால்’ என்று சொல்லப்படும் வேளைகளில், இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது தகும்.

பிரேக் உறுப்புகளைக் கழற்றியிருந்தால், வண்டியை நகர்த்தும் முன் பிரேக் மிதியைக் கெட்டியாகும் வரை பலமுறை மிதிக்க வேண்டும். முதல் மிதி வெறுமையாகவே இறங்கும்.

புதிய மரையாணியின் வரிப்பற்கள் முதல் ஓட்டத்தில் இன்னும் சற்றே அமரும். ஆகவே 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மீண்டும் அதே அளவுக்குச் சோதிக்க வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு ஒருவழித் தொலைவு ஏறத்தாழ இவ்வளவே. சக்கரம் குளிர்ந்த பின் சோதிப்பது சரியான அளவைத் தரும். அப்போது குறிப்பிட்ட ஒரு நட்டு மட்டும் கணிசமாகத் திரும்பினால், அதன் மரையாணித் தலை முழுதாகப் படியவில்லை என்று கொண்டு சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

தகாத வழக்கங்கள்

துளையில் சுழலும் மரையாணியின் தலையைக் குடத்தோடு பற்றவைத்தல் சில சாலையோரப் பட்டறைகளில் காணப்படுகிறது. மரையாணியின் வலிமை வெப்பப் பதப்படுத்தலால் வந்தது. பற்றவைப்பின் சூடு அதை நீக்கி எஃகை ஓரிடத்தில் மென்மையாகவும் அதன் அருகில் நொறுங்கத்தக்கதாகவும் ஆக்குகிறது. பேரிங்கின் கிரீசும் உருகி வெளியேறுகிறது. மேலும் அடுத்தமுறை அம்மரையாணியைக் கழற்ற வழியே இராது. சுழலும் மரையாணியில் நட்டு சிக்கிக்கொண்டால், நட்டைப் பிளக்கும் கருவியாலோ அறுத்தோ எடுத்து, குடத்தின் துளையைச் சோதித்துத் தேவையெனில் குடத்தை மாற்றுவதே சரியான வழியாகும்.